சிதைந்த கிராமங்களினூடே ஓர் ஓட்டம்

ஒரு நாட்டின் சரித்திரம் அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் மாத்திரம் எழுதப்படுவதில்லை. அந்நாட்டின் வீதிகளிலும் எழுதப்படுகின்றது. எந்த வீதியால் யார் சென்றார், எதன்மீது ஏறிச் சென்றார், வழியிலிருந்த கிராமத்தவர் அவரை எவ்வாறு வரவேற்றனர் என்பனவற்றை ஆராய்ந்தால், அரசர்களின் பட்டியல் கூறாத பல செய்திகள் வெளியாகும். பிரான்சு தேசத்தின் கிராமிய வீதிகளில் நிகழ்ந்த துவிச்சக்கர வண்டி ஓட்டங்களின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும். அவ்வரலாற்றிலும், முதலாம் உலக யுத்தம் ஓய்ந்த 1919ஆம் ஆண்டைப் போல உள்ளத்தை உருக்கும் பகுதி வேறொன்றில்லை.

பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகருக்கு 1869ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நடந்த போட்டியே ஊருக்கு ஊர் வீதிவழியே ஓடிய முதற் பெரும் போட்டியெனக் கொள்ளப்படுகின்றது. அக்காலத்து வண்டி மரச்சட்டமும் இரும்புப் பட்டையுமாய் அமைந்து ஓடுபவரின் எலும்பையெல்லாம் குலுக்குவது. ஏறக்குறைய 123 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க முதல்வராக வந்த ஜேம்ஸ் மூர் என்பார்க்குப் பத்து மணி நேரத்துக்கு மேற் சென்றது. பின்னர் 1888ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த ரயரை அமைத்தார். மிஷலின் சகோதரர் கழற்றி மாட்டக்கூடிய ரயரை உருவாக்கினர். அந்த ரயர் பூட்டிய வண்டியிலேறிச் சார்ல் தெரோன் என்பவர் 1891இல் பாரிஸிலிருந்து பிறெஸ்ற் துறைமுகம் வரை சென்று மீண்டார். சுமார் 1,200 கிலோமீட்டர் தூரத்தை மூன்று இரவுகளும் உறங்காது 72 மணி நேரத்துக்குள் அவர் ஓடி முடித்தது, வீதியோரக் கிராமத்தவர்க்குப் பேரதிசயமாயிற்று.

இப்போட்டிகளை நடத்தியவர்கள் பத்திரிகைக்காரர்கள். ஓட்டத்தைக் கண்ணாற் காண்பவர் ஒரு சில நிமிடமே காண்பர். முந்தியவர் யார், பிந்தியவர் யார் என்பதை அறியப் பத்திரிகை வாங்கியே ஆகவேண்டும். 1903ஆம் ஆண்டு தொடங்கிய பிரான்சுச் சுற்றோட்டமும் இவ்வாறு இரு பத்திரிகைகளின் போட்டியிற் பிறந்ததே. படைத் தலைவர் டிறைபஸ் குற்றவாளியா, நிரபராதியா என்ற வழக்கு அந்நாளிற் பிரான்சை இரு கூறாகப் பிளந்திருந்தது. டிறைபஸின் பக்கம் நின்ற 'லெ வெலோ' என்னும் பத்திரிகைக்கு எதிராகச் சில கைத்தொழில் அதிபர்கள் வேறொரு பத்திரிகையை நிறுவினர். மஞ்சட் காகிதத்தில் அச்சான அப்பத்திரிகையே 'லோட்டோ' என்பது. அதன் ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ். விற்பனை வளராத நிலையில், நாடு முழுவதையும் சுற்றிவரும் ஓட்டமொன்றை நடத்தலாம் என்ற யோசனையை அவருடைய இளம் உதவியாளர் லெபேவர் கூறினார். 1903 ஜூலை 1ஆந் திகதி, பாரிஸுக்கு அண்மையிலுள்ள மொன்ஜெரோன் கிராமத்து உணவுச்சாலை ஒன்றின் முன்னிருந்து 60 பேர் புறப்பட்டனர். 2,428 கிலோமீட்டரை ஆறு கட்டங்களில் ஓடி முடித்துப் பாரிஸுக்கு மீண்டோர் 21 பேரே. முதல்வராக வந்த மோரீஸ் கரான், இளமையிற் புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்தவர்.

பத்திரிகை விற்பனைக்காகத் தொடங்கிய இவ்வோட்டம் விரைவில் வேறொரு பொருளைப் பெற்றது. 1871ஆம் ஆண்டு ஜேர்மனியரிடம் தோல்வியுற்ற பிரான்சு, அல்சாஸ் மாகாணத்தையும் லொறேனின் ஒரு பகுதியையும் இழந்திருந்தது. அதன் பின்னர் 1877இல் வெளிவந்த ஒரு பாடசாலை வாசிப்பு நூல், லொறேனிலிருந்து வெளியேறிய இரு சிறுவர் நாடெங்கும் சுற்றி வருவதைக் கூறுவது. அதனைப் படித்து வளர்ந்த தலைமுறையினரே இச்சுற்றோட்டத்தைக் காண வீதியோரத்தில் நின்றனர். நாட்டின் எல்லையைச் சில்லினாற் கோடிட்டுக் காட்டுவது போன்றிருந்தது அவர்களுக்கு அந்த ஓட்டம். 1907 முதல் 1910 வரை, ஜேர்மனியரின் ஆட்சியிலிருந்த மெட்ஸ் நகரிலும் ஓட்டத்தின் ஒரு கட்டம் முடிவுற்றது. அதன்பின் அந்த அனுமதி கிடைக்கவில்லை.

கிராமத்தவர்க்கு இவ்வோட்டம் கட்டணமில்லாத திருவிழா. நகரத்து நாடகசாலைக்குச் செல்ல வசதியற்ற குடியானவனும் தன் வீட்டு வாயிலில் நின்றபடியே புகழ்பெற்ற வீரரைக் காணலாம். அவ்வீரரும் பெரும்பாலும் அவனைப் போன்ற உழைப்பாளியே: கொல்லன், கசாப்புக்காரன், சுரங்கத் தொழிலாளி. இந்த நெருக்கத்தைக் காட்டும் நிகழ்ச்சியொன்று 1913இற் பிரனீஸ் மலைப்பகுதியில் நடந்தது. பூட்டுச் செய்யும் தொழில் கற்ற எஜேன் கிறிஸ்தோப் என்பவர் அவ்வாண்டு வெற்றி பெறக்கூடியவர்களுள் ஒருவராய் இருந்தார். 2,115 மீற்றர் உயரமான தூர்மலே கணவாயைக் கடந்து இறங்குகையில் அவருடைய வண்டியின் முன்சில்லைத் தாங்கும் கவை முறிந்தது. வண்டியைத் தோளிற் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சென்-மரி-து-கம்பான் என்னும் சிற்றூரின் கொல்லுலையை அடைந்தார். பிறர் உதவியைப் பெறலாகாது என்பது விதி. ஆகவே, போட்டி அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நிற்க, இரும்பைத் தாமே காய்ச்சி அடித்து, ஏறக்குறைய மூன்று மணி நேரத்திற் கவையைப் பொருத்தினார். துருத்தியை ஊதுவதற்கு ஒரு சிறுவன் கைகொடுத்தான். அந்தச் சிறு உதவிக்கும் பத்து நிமிடம் தண்டமாக விதிக்கப்பட்டுப் பின்னர் மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. விதியின் கடுமையும் கிராமத்தவரின் இரக்கமும் அந்தச் சிறிய உலைக்களத்தில் நேருக்கு நேர் நின்றன. இன்று அச்சிற்றூரிலே இதனை நினைவுறுத்தும் பலகை உண்டு. தண்டம் விதித்தவர்களின் பெயரை நினைப்பார் அரியர்.

1914ஆம் ஆண்டின் ஓட்டம் ஜூன் 28ஆந் திகதி தொடங்கிற்று. அன்றைய தினமே சரஜேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஓட்டம் முடிந்து எட்டு நாட்களில் ஜேர்மனி பிரான்சின்மீது போர் தொடுத்தது. அதனைத் தொடர்ந்த நான்கு ஆண்டுகளில் பிரான்சு இழந்த போர்வீரர் ஏறக்குறைய 14 இலட்சம் பேர். சுற்றோட்டத்தில் வாகை சூடிய மூவரும் அந்த யுத்தத்தில் மடிந்தனர். 1909இல் வென்ற பிரான்சுவா ஃபாபேர் 1915 மே மாதத்தில் ஆர்த்துவாப் பகுதிப் போரில் உயிர் நீத்தார். 1910இல் வென்ற ஒக்தாவ் லபீஸ் விமானியாய்ப் பணியாற்றி, 1917 ஜூலை 14ஆந் திகதி, நாட்டின் தேசியத் திருநாளன்றே வீழ்ந்தார். 1907இலும் 1908இலும் வென்ற லூசியன் பெத்தி-பிறெத்தோன் 1917 டிசம்பரில், படைப் பணியிலிருக்கையில் மோட்டார் விபத்தில் இறந்தார்.

யுத்தம் 1918 நவம்பரில் ஓய்ந்தது. அடுத்த ஆண்டிலேயே ஓட்டங்களை மீண்டும் தொடங்கிவிட வேண்டும் எனப் பத்திரிகையாளர் துணிந்தனர். ஆனால் ஓடுவதற்கு வீதி எங்கே? பாரிஸிலிருந்து வடபுலத்து நெசவு நகரான ரூபே வரை 1896 முதல் நடந்து வந்த ஓட்டத்தின் பாதையைப் பார்வையிடச் சிலர் சென்றனர். கிறிஸ்தோப்பும் அவர்களோடு சென்றார். வழியின் முற்பகுதியில் வயல்களும் வீடுகளும் வழமைபோல் இருந்தன. வடக்கே செல்லச் செல்ல மரங்கள் வெறுங் கட்டைகளாயின. பின்னர் அவையும் இல்லை. கிராமங்கள் இருந்த இடங்களிற் செங்கற் குவியல்கள் கிடந்தன. குண்டு விழுந்த குழிகளும் முட்கம்பிகளும் மரச் சிலுவைகளுமே எங்கும் தோன்றின. 'வடக்கின் நரகம்' என்ற பெயர் அந்தப் பயணத்திலிருந்தே பரவிற்று. பிற்காலத்தவர் அதனைக் கல் பதித்த வீதியின் கடுமைக்கு இட்ட பெயரெனக் கருதுவர். உண்மையில் அது மனிதன் மனிதனுக்குச் செய்த அழிவைக் கண்டு எழுந்த சொல். 1919 ஏப்பிரில் 20ஆந் திகதி, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, அவ்வீதி வழியே ஓட்டம் நடந்தது. ஆன்றி பெலிசியே வென்றார். அவ்வோட்டத்தின் முதலாவது ஆண்டில், 1896இல், வாகை சூடியவர் ஜோசப் பிஷர் என்னும் ஜேர்மானியர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

அதற்குச் சில நாட்களின் பின், வேறொரு பத்திரிகையான 'லெ பெத்தி ஜூர்னால்', போர்க்களச் சுற்றோட்டம் என்ற பெயரிலேயே ஓர் ஓட்டத்தை நடத்திற்று. ஸ்திராஸ்பூர் நகரிற் புறப்பட்டு, இலக்சம்பேர்க், பிறசல்ஸ், அமியென், பாரிஸ் வழியாக ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் ஓடி மீண்டும் ஸ்திராஸ்பூரை அடைவது அதன் திட்டம். 87 பேர் புறப்பட்டனர். பிறசல்ஸிலிருந்து அமியென் வரையான மூன்றாவது கட்டம் 323 கிலோமீட்டர் நீளமானது. ஈப்பர்க் களத்தையும் சோம் நதிப் பிரதேசத்தையும் ஊடறுத்துச் சென்ற அப்பாதையில் குளிர்காற்றும் மழையும் ஓட்டக்காரரை வாட்டின. ஒதுங்குவதற்கு வீடில்லை, உணவு வாங்கக் கடையில்லை, வழி கேட்க மனிதரில்லை. முதலாவதாக வந்த பெல்ஜியர் சார்ல் தெரைட்டர் 18 மணி நேரத்துக்கு மேல் ஓடி, இரவிலேயே அமியெனை அடைந்தார். வழியிலே இரவைக் கழித்து மறுநாள் வந்தோரும் உளர். ஓட்டம் முழுவதையும் முடித்தவர்கள் 21 பேர். தெரைட்டரே இறுதி வெற்றியையும் பெற்றார்.

பிரான்சுச் சுற்றோட்டமும் அவ்வாண்டே மீண்டும் நடந்தது. வெர்சேய் உடன்படிக்கை ஜூன் 28ஆந் திகதி கைச்சாத்தாயிற்று. மறுநாள் ஓட்டம் புறப்பட்டது. மீளப்பெற்ற ஸ்திராஸ்பூரும் மெட்ஸும் பாதையிற் சேர்க்கப்பட்டன. வீதிகள் பழுதாய் இருந்தன, ரயருக்கும் தட்டுப்பாடு. 5,560 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 70 பேர் புறப்பட, இறுதிப் பட்டியலில் இடம்பெற்றோர் 10 பேர். வெற்றியாளரின் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரளவே. இச்சுற்றோட்டத்தின் வரலாற்றில் இதனிலும் குறைந்த வேகம் பதிவானதில்லை. முன்னணியிலுள்ளவரைச் சனங்கள் இலகுவில் அறியும்பொருட்டு, பத்திரிகையின் நிறத்திலே மஞ்சட் சட்டை அணிவிக்கும் வழக்கம் ஜூலை 19ஆந் திகதி கிறெனோபிள் நகரில் தொடங்கிற்று. அச்சட்டையை முதன்முதல் அணிந்தவர், அப்போது 34 வயதான கிறிஸ்தோப்.

முடிவுக்கு முந்திய கட்டத்தில், மெட்ஸிலிருந்து டங்கேர்க் நகருக்குச் செல்லும் வழியில், வலன்சியென் அருகே அவருடைய வண்டியின் கவை மறுபடியும் முறிந்தது. போரினாற் சிதைந்த வடபுலத்துக் கல்வீதி அவரைக் கைவிட்டது. அவர் மீண்டும் தம் கையாலேயே அதனைச் சீர்செய்தார். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழந்தார். வெற்றி பெல்ஜியரான பிர்மின் லம்போவுக்குச் சென்றது. இதனை அறிந்த மக்கள் பத்திரிகை வாயிலாகப் பணம் திரட்டினர். சேர்ந்த தொகை 13,000 பிராங்குக்கு மேற்பட்டது. அந்நாட்டில் வீட்டுக்கு வீடு துக்கம் நிறைந்திருந்த காலம் அது. தன் தவறின்றித் தோற்ற ஒரு தொழிலாளியின் துன்பத்திலே மக்கள் தத்தம் துன்பத்தைக் கண்டனர் போலும்.

மாண்டவர் உடல்கள் முற்றாக எடுக்கப்படுமுன் அம்மண்ணின்மீது பந்தய ஓட்டம் நடத்துதல் முறையா என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பத்திரிகைகள் இலாபத்தை நாடின. ஓட்டக்காரர் அனுபவித்த துன்பமும் செய்தியாகி விலைப்பட்டது. எனினும் மறுபக்கமும் ஒன்றுண்டு. ஓடியவர்களிற் பலர் அண்மைவரை அப்போரில் நின்றவர்கள். பரிசுப் பணமின்றி வாழ வழியற்றவர்கள். சிதைந்த ஊர்களுக்குத் திரும்பிவந்து மரக் கொட்டில்களில் வாழ்ந்த குடிகளுக்கோ, தம் ஊரின் பெயர் மீண்டும் ஒரு பாதை வரைபடத்தில் அச்சாகி வந்ததே ஆறுதல். போர்ச் செய்தியில் மாத்திரம் கேட்ட பெயரைப் பந்தயச் செய்தியிலும் கேட்டபோது, அவ்வூர் இன்னும் உள்ளது என்பதை நாடு உணர்ந்தது.

எல்லா ஊர்களும் அவ்வாறு மீளவில்லை. வெர்தன் நகரைச் சூழ்ந்த ஒன்பது கிராமங்கள் பிரான்சுக்காக உயிர் நீத்தவை என அரசினராற் பிரகடனம் செய்யப்பட்டன. அவற்றுள் ஆறு திரும்பவும் கட்டப்படவேயில்லை. குடிகளில்லாத அவ்வூர்களுக்கு இன்றும் ஊர்த்தலைவர் நியமிக்கப்படுகின்றனர். வடபுலத்து உழவர் கலப்பை பிடிக்கும்போது வெடியாத குண்டுகள் இன்றும் மேலே வருகின்றன. அதே வயல்களின் நடுவே செல்லும் பழைய கல்வீதிகளைத் தார் மூடிவிடாதபடி பாதுகாக்கின்றனர் ஓட்ட அன்பர்கள். கோடை நாட்களிற் பல நாட்டவர் அவ்வழியே வண்டியோட்டி, கோதுமை வயல்களையும் மீளக் கட்டிய கோயிற் கோபுரங்களையும் வெண்கற் கல்லறை வரிசைகளையும் கடந்து செல்கின்றனர். ஒரு காலத்திற் பகைவராயிருந்த நாடுகளின் இளைஞர் அங்கே ஒரே வரிசையிற் சேர்ந்து ஓடுகின்றனர். 1919இன் வசந்தத்தில், வழி கேட்க ஆளின்றி அம்மண்ணிலே தனித்து ஓடியவர்கள் திறந்து வைத்த பாதை அது.