கோடாலிக் கருப்பூர்: நெய்தவர் வீட்டில் தங்காத புடவை

அரியலூர் என்றால் சிமெண்ட் ஞாபகத்துக்கு வரும். கங்கைகொண்ட சோழபுரம் வரும். கொஞ்சம் படித்தவர்களுக்கு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடைக்கும் கோடிக்கணக்கான வருடப் பழைய கடல் சங்குகள் வரும். கோடாலிக் கருப்பூர் யாருக்காவது ஞாபகம் வருகிறதா?

கொள்ளிடத்தின் வடகரையில், உடையார்பாளையம் பக்கத்தில் இருக்கும் ஒரு சாதாரண கிராமம். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது, 2001-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது, அடுத்த வருடமே மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007-ல் திரும்பவும் தனி ஆனது. இந்த இழுபறி முழுவதிலும் கருப்பூர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும் அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்துக்கும் போனால் இந்த ஊரின் பெயர் தெரியும். ஊரின் பெயரே ஒரு துணியின் பெயராகிவிட்டது. "கோடாலிக் கருப்பூர் புடவை" என்றால் இந்தியத் துணிகளைப் பற்றி ஆராய்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

மெல்லிய பருத்தி. அதன் நடுவே தங்க ஜரிகையில் சின்னச் சின்ன நட்சத்திரமும் பூவும் கட்டமுமாக புட்டா. ஜரிகைப் புட்டா எல்லா ஊரிலும் உண்டே என்கிறீர்களா? விஷயம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நெய்து முடித்த அந்த ஜரிகைத் துணியைப் புடவையாக யாரும் கட்டமாட்டார்கள். அது பாதி வேலைதான். அங்கிருந்து அது சாயம் எழுதுகிறவர் கைக்குப் போகும்.

அவர் துணியை வெளுத்து, கடுக்காய் ஊறலில் முக்கிக் காயவைப்பார். இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கறுப்பால் கோடுகள் எழுதுவார். நுனியில் மயிரோ கம்பளியோ சுற்றிய குச்சிதான் கலம். சிவப்பு ஏறக்கூடாத இடங்களில் எல்லாம் சூடான மெழுகைக் கலத்தால் எழுதி மூட வேண்டும். பிறகு படிகாரம். பிறகு சாயவேர் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கொதிக்க வைத்தல். படிகாரம் பட்ட இடம் சிவக்கும், மெழுகு மூடிய இடம் வெள்ளையாக நிற்கும். கடைசியில் மெழுகைக் கொதிநீரில் இளக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் போட வேண்டும்.

இப்போது துணியைப் பாருங்கள். அடர்ந்த சிவப்புக்குள்ளிருந்து தங்கம் மினுக்குகிறது. ஜரிகை மேலே ஒட்டிய அலங்காரம் மாதிரி இல்லாமல் சாயத்துக்கு அடியிலிருந்து வருகிற வெளிச்சம் மாதிரி தெரியும். அதைச் சுற்றி எழுதிய கோடு, புட்டாவோடு சரியாகப் பொருந்தி நிற்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தறியில் உட்கார்ந்தவர் புட்டாவை எங்கே போடுகிறாரோ அதை வைத்துத்தான் சாயக்காரர் மெழுகு எழுத முடியும். ஒரு விரற்கடை தள்ளிப் போனால் இருவர் வேலையும் பாழ். அதாவது நெய்யும்போதே அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்து நெய்ய வேண்டும். தான் பாதியில் விட்டுக்கொடுக்கப் போகும் ஒரு பொருளை, முழுசாக மனதில் பார்த்துக்கொண்டு செய்கிற வேலை அது. இவ்வளவும் செய்த பிறகு புடவை எங்கே போகும்? கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூர் அரண்மனைக்கு.

தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்காகவே நெய்யப்பட்ட துணி இது. இரண்டாம் சரபோஜி (1798-1832), அவர் மகன் சிவாஜி (1832-1855) காலம்தான் அதன் உச்சம். ராணிகளுக்குப் புடவை, ராஜாவுக்குத் தலைப்பாகைத் துணி. அதுபோக, அரண்மனையிலிருந்து பரோடா போன்ற மற்ற மராத்திய அரச வீடுகளுக்கும் வேண்டியவர்களுக்கும் பரிசாகவும் போனது. கடைத்தெருவுக்கு வரவில்லை.

அந்த நேரத்தில் சரபோஜியிடம் இருந்தது என்ன என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 1799 உடன்படிக்கையில் நாட்டின் நிர்வாகம் முழுக்கக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. வருடத்துக்கு ஒரு லட்சம் வராகனும் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் ராஜாவுக்கு. அதிகாரம் கோட்டைக்குள் மட்டும். படை இல்லை, வரி வசூல் இல்லை. படை இல்லாத ராஜா எப்படி ராஜாவாக இருப்பது? கொடுத்துத்தான்! சபையில் ஒருவரைக் கூப்பிட்டு விலைமதிப்பான துணியைப் போர்த்தும்போது அந்த ஒரு நிமிடமாவது அவர் ராஜா. முகலாயர் காலத்திலிருந்து இந்தியா முழுக்க இருந்த வழக்கம் இது. வேறு எங்கும் கிடைக்காத துணியாக இருந்தால் இன்னும் விசேஷம். எனவே கருப்பூர்த் துணி யாருக்கும் விற்கப்படாமல் இருந்ததில் ஒரு அரசியல் இருக்கிறது. நாடு போன பிறகு மிச்சமிருந்த ராஜ்ஜியம் என்றுகூட அந்தப் புடவையைச் சொல்லலாம்.

ஆக "கொடுத்தவர்" என்ற பெயர் ராஜாவுக்குப் போனது. ஆனால் அவர் கொடுப்பதற்கு முன்னாலேயே வேறு சிலர் அதைக் கொடுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் கண்ணை நட்டு வேலை செய்து, மடித்து, ஆள் வந்ததும் எடுத்துக் கொடுத்தவர்கள். அவர்கள் கொடுத்ததற்குப் பெயர் கொடை இல்லை. கூலி வேலை.

இதை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம் வங்காளம். அங்கே காந்தா என்று ஒரு போர்வை. பழைய புடவைகளை அடுக்கடுக்காக வைத்து, அந்தப் புடவைகளின் கரையிலிருந்தே நூலை உருவி, நெருக்கமாக ஓடுதையல் போட்டு வீட்டுப் பெண்கள் தைப்பது. (நம் ஊரில் கசக்கிக் கட்டச் சொல்கிறார்களே, அந்தக் "கந்தை"யும் இந்தக் "காந்தா"வும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை.) பிறக்கப் போகும் குழந்தைக்கு ஒன்று, கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்காகவே தைக்கப்படும். தைத்தவள் தனக்காக வைத்துக்கொள்வது குறைவு.

1929 முதல் 1939 வரை வங்காள கிராமங்களில் சுற்றிப் பழங்கலைப் பொருட்களைச் சேகரித்த ஐசிஎஸ் அதிகாரி குருசதய் தத்தின் தொகுப்பில் ஒரு புகழ்பெற்ற காந்தா இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்ற பெண் தைத்தது. தன் பெயரையும், அதைத் தன் அப்பாவுக்காகத் தன் கையால் தைத்தேன் என்பதையும் அவர் நூலாலேயே எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரச் சிப்பாய்களும் விக்டோரியா ராணி தலை போட்ட காசும் கூட அதில் உண்டு. எத்தனை வருடம் பிடித்ததோ. அதைக் கையை விட்டுக் கொடுத்தபோது அவருக்கு ஒரு பிரிவு இருந்திருக்கும்தான். ஆனால் அது எங்கே போகிறது, யார் தோளில் கிடக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியும். கொடுக்காமல் இருக்கவும் அவரால் முடியும். கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்றால் அது இங்கேதான் இருக்கிறது.

கருப்பூர்க்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. ஜரிகை அவர்களுடையது அல்ல. துணி யாருக்கு என்பதும் அவர்கள் முடிவு அல்ல. நன்றாக வந்த ஒரு புடவையைப் பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படக்கூட வழி இல்லை. தன் கையில் பிறந்த பொருள், தன் வீட்டுப் பெண்கள் உடுத்தக்கூடாத பொருள்! அதற்காக அவர்கள் அழுதுகொண்டே நெய்தார்கள் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. ராணி கட்டுகிற புடவை எங்கள் ஊர்ப் புடவை என்ற கர்வம் நிச்சயம் இருந்திருக்கும். வேண்டாவெறுப்பாகச் செய்த வேலையில் அந்த நுணுக்கம் வராது. கர்வமும் கையை விட்டுப் போகிறதே என்ற ஏக்கமும் ஒரே தறியில் பாவும் ஊடையுமாக இருந்திருக்கலாம்.

1855-ல் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி தஞ்சாவூர் அரசை முடித்துவைத்தது. ராஜ்ஜியத்தை மட்டும் அல்ல, அரண்மனையின் சொந்தச் சொத்தையும் சேர்த்துக் கையகப்படுத்தியது. மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். சென்னையில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைப் புரட்டிப் போட்டது. ஒரு அரசு அரசாக நின்று செய்த காரியத்தை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. (சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். சொத்தை அரசாங்கம் பின்னால் தானாகவே திருப்பிக் கொடுத்தது வேறு கதை.) கருப்பூர்ப் புடவை கட்டிய ராணிகளுக்கே தங்கள் பெட்டியில் இருப்பது தங்களுடையதா என்று தெரியாத காலம். புதுப்புடவைக்கு யார் ஆள் அனுப்பப் போகிறார்கள்?

இன்னொரு பக்கம், சாயவேரில் இருக்கும் அதே வகைச் சிவப்பை 1868-ல் ஜெர்மனியில் தாரிலிருந்து ரசாயனமாகவே செய்துவிட்டார்கள். அடுத்த சில வருடங்களில் அது டப்பாவில் விற்பனைக்கு வந்தது. மான்செஸ்டர் துணி வேறு குவிந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசிக்குள் கருப்பூர்த் தறிகளில் அந்தப் புடவை நின்றுபோனது. 1917-ல் ஹாடவே என்பவர் சென்னை மாகாணத்தின் துணி எழுதும் முறைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது கருப்பூர் ஏற்கெனவே பழைய கதை ஆகிக்கொண்டிருந்தது.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? ஆதரவு போனது, கலை அழிந்தது என்று ஒரு வரியில் எழுதிவிடுவது வழக்கம். ஆனால் காந்தாவுக்கு எந்த ராஜாவும் ஆதரவு தரவில்லையே, அது அழியவில்லையே! வாங்க ஆள் இல்லாத வருடத்திலும் பேத்திக்கு ஒரு போர்வை தேவைப்படும். பழைய புடவை வீட்டிலேயே கிடைக்கும். கருப்பூர்ப் புடவைக்கு அப்படி ஒரு வீட்டு வாழ்க்கை கிடையாது. வாங்குபவர் ஒரே ஒருவர், அவர் போனதும் செய்வதற்குக் காரணமே போய்விட்டது. மாதிரிக்கு எடுத்துப் பார்க்க ஊரில் பழைய புடவைகள் கிடந்தால்தானே அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ளும்? எல்லாம்தான் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டதே.

20-ம் நூற்றாண்டில் அதை மறுபடி செய்து பார்க்க முயற்சிகள் நடந்தன. அருங்காட்சியகத் துண்டுகளைப் பார்த்து நெய்தார்கள், எழுதினார்கள். அழகாகவே வந்தன. ஆனால் ஒரு ஊர் முழுக்க அதே வேலையாக இருப்பது என்பது வேறு.

முழுசாக எல்லாம் போய்விடவும் இல்லை. மெழுகும் கலமும் பிடித்த கலை அந்தப் பக்கத்தில் வேறு வடிவத்தில் தங்கியது. கருப்பூரிலும், கொள்ளிடத்துக்குத் தெற்கே திருப்பனந்தாள், சிக்கல்நாயக்கன்பேட்டைப் பக்கத்திலும் கோயில்களுக்குக் கலம்காரித் துணி எழுதும் குடும்பங்கள் தொடர்ந்தன. தேருக்குத் தொம்பை, தோரணம், சுவாமிக்குக் குடைத்துணி, மேலே கட்டும் அஸ்மானகிரி. 2021-ல் "கருப்பூர் கலம்காரி ஓவியம்" என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. ஜரிகை இல்லை, ராணி இல்லை. வாங்குபவர் சுவாமி. இதுவும் கையை விட்டுப் போகிற துணிதான், உபயதாரர் பெயர்தான் விழும். ஆனாலும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அரண்மனைக்குள் போன புடவையை நெய்தவர் மறுபடி பார்த்திருக்க வழியே இல்லை. தேரில் தொங்கும் தொம்பையை, எழுதியவர் பெண்டு பிள்ளைகளோடு கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். அது நம் வீட்டில் எழுதியது என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லலாம்.

பட்டுத் தறிகள் இன்னும் ஓடுகிற ஊர்களும் அரியலூர் மாவட்டத்தில் உண்டு. ஜெயங்கொண்டம், இலையூர், வாரியங்காவல் பக்கம் போனால் தறிச் சத்தம் கேட்கும். பட்டும் ஜரிகையும் எடை போட்டு வாங்கி, நெய்த புடவையை எடை போட்டுத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவது கைத்தறியில் பல இடங்களிலும் உள்ள முறை. மாதத்தில் பாதி நாள் மடியில் கிடந்த புடவை, தறியிலிருந்து அறுத்ததும் தராசுக்குத்தான் முதலில் போகும்.

கருப்பூர்ப் புடவைகள் இப்போது வெளிச்சம் படாத அலமாரிகளில், அமிலம் இல்லாத காகிதம் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. வெளிச்சம் பட்டால் சிவப்பு மங்கிவிடும் என்று எப்போதாவதுதான் வெளியே எடுக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கும். பருத்தி, ஜரிகை, 19-ம் நூற்றாண்டு, தஞ்சாவூர் அரண்மனைக்காகச் செய்தது. நெய்தவர் பெயர் இருக்காது, மெழுகு எழுதியவர் பெயர் இருக்காது. கோடாலிக் கருப்பூர் என்று மட்டும் இருக்கும்.