கணவாய் வழியே செல்லும் கனி

வரலாறு என்றவுடன் முடியும் வாளும் போர்க்களமும் நம் நினைவுக்கு வருகின்றன. பழக்கூடைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வகுப்பறையில் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் என்னும் உரிமையில், அத்தகைய வரலாறு ஒன்றை மாணவ நேயர்களுக்கு இன்று கூற விரும்புகிறேன். அதைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம், தென்காசிக்கு மேற்கே, செங்கோட்டையை அடுத்து மலையடிவாரத்தில் அமைந்துள்ள புளியறை.

புளியறையிலிருந்து சாலை வளைந்து வளைந்து மேலேறி, கோட்டைவாசலைக் கடந்து ஆரியங்காவை அடைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இவ்விடத்தில் சற்றே தாழ்ந்து வழிவிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் பெருமழையைக் கொட்டுகிறது; இப்பால் வந்து சேரும் சிறு பகுதியே குற்றாலத்தில் சாரலாக விழுகிறது. இன்னும் கிழக்கே செல்லச் செல்ல, உழவர் குளத்தையும் கிணற்றையும் நம்பியே பயிரிடுகின்றனர். ஆகவே, ஒரே மாதத்தில் மலையின் இருபுறமும் இருவேறு பருவங்கள் நிலவுகின்றன. ஒரு புறம் இல்லாத பொருள் மறுபுறம் விளைவதே வாணிகத்தின் தொடக்கம். ஆவணியில் ஓணத் திருநாளுக்குக் கேரள மக்கள் வாங்கும் காய்கறிகளில் ஒரு பகுதி, பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் ஆகிய சந்தைகளிலிருந்து இவ்வழியே செல்வதாகும்.

இனி, கோடைக்கு உரிய வெள்ளரிப்பழத்தைப் பார்ப்போம். பங்குனி, சித்திரை வெயிலில் பழுத்து, தோல் தானே வெடித்து, மாவுபோல் உதிரும் சதையுடன் அது சந்தைக்கு வருகிறது. சர்க்கரையோ பொடித்த கருப்பட்டியோ தூவி உண்டால் நாவும் குளிரும், வயிறும் குளிரும். ஆனால் அதன் வாழ்நாள் மிகக் குறுகியது. நெல்லைப் பத்தாயத்தில் இட்டு, நல்ல விலை வரும் வரை உழவர் பொறுத்திருக்கலாம். வெடித்த வெள்ளரிப்பழமோ ஒரு நாள்கூட அவருக்காகப் பொறுத்திராது. எனவே, அதன் விலையை வயலும் உழைப்பும் மட்டும் முடிவு செய்வதில்லை; பாதையும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

இந்த உண்மை பேரரசர்களுக்கும் பொருந்தியது. நம் வெள்ளரிப்பழமும் வடநாட்டு முலாம்பழமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்று தாவர நூலார் கூறுவர். 14-ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த இபின் பதூதா, குவாரிசம் நாட்டு முலாம்பழத்தைக் கீற்றுகளாக அறுத்து வெயிலில் உலர்த்தி, கூடைகளில் அடைத்து, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் அனுப்பினர் என்று குறித்துள்ளார். பசும் பழம் அத்துணைத் தொலைவு தாங்காது என்பதே அதன் காரணம். 1526-இல் பானிப்பட்டில் வென்று தில்லியைக் கைப்பற்றிய பாபர், தம் நாட்டு முலாம்பழத்தை மறக்க இயலவில்லை. தமக்குக் கொண்டுவரப்பட்ட பழம் ஒன்றை அறுத்து உண்டபோது கண்ணீர் பெருகியதாக அவரே 1529-இல் மடலொன்றில் எழுதினார். பின்னர் பல்கு நாட்டு உழவர் ஒருவரைக் கொண்டு ஆக்ராவிலேயே அப்பழத்தை விளைவிக்கச் செய்து மகிழ்ந்தார். பேரரசை வென்றவராலும் ஒரு பழத்தின் பருவத்தையும் தொலைவையும் எளிதில் வெல்ல முடியவில்லை!

மீண்டும் நம் கணவாய்க்கு வருவோம். அந்நாளில் செங்கோட்டை வட்டம் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. தென்காசியோ ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. எல்லை தாண்டும் சரக்குக்குச் சுங்கம் செலுத்த வேண்டியிருந்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1865-இல், ஆங்கில அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வாணிக உடன்படிக்கை அத்தடைகளுள் பெரும்பாலானவற்றை நீக்கியது. 1904-இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. மலைகளைக் குடைந்தும், கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் அமைத்தும் இட்ட பாதை அது.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, செங்கோட்டைப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே இருந்த எல்லை, புளியறைக்கு மேற்கே மலைமீது சென்றது. எல்லை இடம் பெயர்ந்தது. கூடைகள் செல்லும் வழி பெயரவில்லை. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-இல் மலைப்பகுதியில் இரயில் நின்றது. 2018-இல் மீண்டும் ஓடத் தொடங்கும் வரை, அச்சுமையையும் சாலையே தாங்கிற்று.

பாதை அடைபட்டால் என்ன நேரும் என்பதை 2020-ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. கொள்ளைநோய் காரணமாக மார்ச்சு 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. அது தர்ப்பூசணி அறுவடைக் காலம். உணவுப் பொருள் வண்டிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தும், பறிக்க ஆளின்றியும், ஏற்ற வண்டியின்றியும், வாங்குவோர் இன்றியும் தமிழ்நாட்டின் பல வயல்களில் பழங்கள் கிடந்தபடியே அழுகின. விளைச்சல் குறையவில்லை, மழையும் பொய்க்கவில்லை. வழி ஒன்றே தடைப்பட்டது. அதனால் உழவரின் மூன்று மாத உழைப்பும் வாங்கிய கடனும் மண்ணிலேயே கிடந்தன.

மாணவச் செல்வங்களே! சந்தைக்குச் செல்லும்போது விலையை மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். இப்பழம் எவ்வூரில் விளைந்தது, எவ்வழியே வந்தது, பறித்து எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். விற்பவர் மகிழ்ந்து விடை கூறுவார். அவ்விடைகளை ஒரு குறிப்பேட்டில் மாதந்தோறும் எழுதி வாருங்கள். ஓராண்டு முடிவில் உங்கள் ஊரின் மழையும் மண்ணும் பாதையும் உழவரின் நிலையும் அதில் பதிவாகியிருக்கும். அதுவும் வரலாற்று நூலே. அதை எழுதும் ஆசிரியர் நீங்களே.