தட்டாம்பயறு ஏறிய ராக்கெட்

பனவடலிசத்திரம் என்ற ஊரைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் தட்டாம்பயறைப் பெரிய வெள்ளாமையாக யாரும் பேசுவதில்லை. ஐப்பசி மழையை நம்பிச் சோளமோ உளுந்தோ விதைக்கும்போது ஊடுபயிராக நாலு விதை ஊன்றுவார்கள். கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்புக்கும் சாயங்காலச் சுண்டலுக்கும் வீட்டுத் தேவை தீர்ந்தால் போதும். அந்தப் பயறு இனம்தான் 2024 டிசம்பர் 30 இரவு பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி60 ராக்கெட்டில் ஏறியது.

அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்து, மழை பொய்க்கும் நிலங்களில் வேர்பிடித்துவிட்டது. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் உரம் அதிகம் கேட்காது. இளங்காயும் பயறும் மட்டுமல்ல, கொழுந்து இலையும் உணவு. ஆப்பிரிக்காவில் அது அன்றாடக் கீரை. பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். தேனீ பறக்காத விண்கலத்துக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா?

திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ‘கிராப்ஸ்’ என்ற மூடிய பெட்டியைச் செய்து, அதற்குள் எட்டு விதைகளை வைத்தது. செயற்கைக்கோள்களை இறக்கிவிட்ட பின் வீணாகப்போகும் ராக்கெட்டின் நான்காம் கட்டத்தையே இஸ்ரோ சோதனைத் தளமாக்கியிருந்தது. அதில்தான் இந்தப் பெட்டி, பூமிக்கு மேலே 350 கிலோமீட்டரில், எடையற்ற நிலையில் சுற்றியது. சுற்றுப்பாதைக்குப் போன பிறகே விதைகளுக்குத் தண்ணீர் விடப்பட்டது. வெப்பம், ஈரப்பதம், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எல்லாவற்றையும் கருவிகள் அளந்தன, கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. நான்கே நாளில் முளை விட்டது. ஒரு வாரத்துக்குள் இலையும் விரிந்தது. சோதனையின் திட்டம் அவ்வளவுதான். 2025 ஏப்ரல் 4 அன்று அந்தத் தளம் வளிமண்டலத்துக்குள் திரும்பி இந்தியப் பெருங்கடலில் விழுந்தது.

முளைத்தது பெரிய காரியம். ஆனால் செவ்வாய்க்குப் போய்வரும் மனிதர்களுக்குச் சோறு போடுவது வேறு கணக்கு. அந்தக் கணக்கைத்தான் 2021 ஜனவரியில் நாசாவும் கனடா விண்வெளி முகமையும் பரிசுப் போட்டியாக உலகத்தின் முன் வைத்தன. நான்கு பேர், மூன்று ஆண்டுப் பயணம், நடுவில் பூமியிலிருந்து ஒரு மூட்டை கூட வராது. குறைந்த தண்ணீர், குறைந்த மின்சாரம், குறைந்த கழிவு. ஆனாலும் சாப்பிட ஆசை வரவேண்டும். விடை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று போட்டி சொல்லவில்லை. அதனால்தான் பலவிதமான விடைகள் வந்தன. பின்லாந்தின் சோலார் ஃபுட்ஸ் நிறுவனம் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் தின்று வளரும் நுண்ணுயிரிலிருந்து புரதம் எடுத்தது. இன்டர்ஸ்டெல்லர் லேப் என்ற நிறுவனம் கீரை, காளான், பூச்சி ஆகியவற்றை அடுக்குப் பெட்டிகளில் வளர்த்தது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே விண்வெளி வீரர்களின் இடத்தில் நின்று போட்டிக்கு வந்த கருவிகளில் சிலவற்றை வாரக்கணக்கில் இயக்கிப் பார்த்தார்கள். 2024 ஆகஸ்டில் இன்டர்ஸ்டெல்லர் லேப் 7,50,000 டாலர் முதல் பரிசைப் பெற்றது.

பரிசு வைத்து உணவுச் சிக்கலைத் தீர்ப்பது பழைய வழக்கம். கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கொதிக்கவைத்து உணவைக் காக்கும் முறைக்காக 1810-இல் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர் 12,000 பிராங்க் பெற்றார், முறையை எல்லோருக்கும் அச்சிட்டுச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். திறந்த போட்டியின் அருமை எனக்கு அங்கேதான் தெரிகிறது: கேள்வி வெளியே வந்தால், பதில் எந்த அடுப்படியிலிருந்தும் வரலாம்.

இந்தியாவும் விண்வெளி உணவுக்கான அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆய்வகத்துக்கு, 1984-இல் விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மாவுக்கே உணவு தயாரித்துக் கொடுத்த அனுபவம் உள்ளது. புதுக்கோட்டை வம்பனில் பயறுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மாணவர்களுக்கு ரோபோப் போட்டி நடத்திய இஸ்ரோவால் உணவுப் போட்டியும் நடத்த முடியும். 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம் என்று அது இலக்கு வைத்திருக்கிறதே, அங்கே தங்குகிறவர்களுக்கு என்ன சமைப்பது?

அந்தப் போட்டியின் வாசல் ஆய்வகங்களுக்கு மட்டும் திறந்தால் போதாது. பயறை வெயிலில் காயவைத்து, செம்மண் கட்டி, அடுத்த விதைப்பு வரை வண்டு விழாமல் காக்கத் தெரிந்த பெண்கள் இந்தச் சீமையில் இருக்கிறார்கள். எந்தப் பயறு சீக்கிரம் வேகும், எது மழையில்லாமல் தாங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களையும் பொறியாளர்களையும் ஒரே அணியில் சேர்த்தால்தான் பரிசு என்று விதி எழுத வேண்டும். முதல் சவாலையும் நான் சொல்லிவிடுகிறேன்: மூடிய பெட்டிக்குள், எடையற்ற நிலையில், தட்டாம்பயறு பூத்துக் காய்த்து, அந்தக் காயிலிருந்து எடுத்த விதை மறுபடி அங்கேயே முளைக்க வேண்டும்.