ஒரு வரித் திருத்தமும் ஒரு கையெழுத்தும்

2011ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு அக்கா கொண்டுவந்ததிலும் இருந்தது. பாஸ் சென்னை சி-டாக்கில் உருவானது. ஆனால் அதன் அடியில் ஓடும் கர்னல், 1991ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்தது. அதில் பெரும்பகுதி டிரைவர்கள்தான். வைஃபை, சவுண்டு, டச்பேடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று.

2003 மார்ச்சில் எஸ்.சி.ஓ. நிறுவனம், தன் யூனிக்ஸ் சரக்கை லினக்ஸில் சேர்த்துவிட்டதாக ஐ.பி.எம். மேல் வழக்குப் போட்டது. எந்த வரி யார் கை வழியாக வந்தது என்று காட்ட ஒழுங்கான முறை அப்போது இல்லை. 2004 மே மாதம் டோர்வால்ட்ஸ் ஒரு வழி சொன்னார். திருத்தம் அனுப்புகிறவர் கடைசியில் 'சைன்டு-ஆஃப்-பை' என்று போட்டுத் தன் பெயரும் மின்னஞ்சலும் எழுத வேண்டும். இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று அதற்கு அர்த்தம். வாங்கி மேலே அனுப்பும் பராமரிப்பாளரும் கீழே தன் பெயரைப் போடுவார். பி.காம். படிக்கிற எனக்கு இது வவுச்சர் மாதிரித்தான் தெரிகிறது. ஆடிட்டர் மட்டும் உலகம் முழுக்க!

2008ல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் 'ஸ்டேஜிங்' என்று அரைகுறை டிரைவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார். புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் கை பழகுவார்கள். டேப் இடைவெளியைத் திருத்துவதெல்லாம் பங்களிப்பா என்று சிலர் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும். அடுத்த திருத்தம், டிரைவர் கவனிக்காமல் விட்ட ஒரு பிழை எண்ணாக இருக்கலாம். மொத்த இயந்திரமும் நின்றுபோக அது ஒன்று போதும்.

வழக்கு 2021ல்தான் ஐ.பி.எம். 14.25 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசத்தில் முடிந்தது. கையெழுத்து வரியை இன்றும் கேட்கிறார்கள். ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும்.