வாள் மங்கலமும் பித்தளைத் தோட்டாவும்

தகடூர் அதியமானுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அங்குள்ள படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமானின் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் விளங்கின. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. புகழ்வதுபோற் பழித்த அக்கூற்றில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பளபளக்கும் படைக்கலம் ஓய்ந்திருக்கும் படைக்கலமாகும். போர் ஒழிந்த நாட்டில் அது குறையன்று, பேறே.

வென்ற வாளை நீராட்டுவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் உழிஞைத் துறைகளுள் ஒன்றாக வைத்தது. நாம் குடியேறி வாழும் மைசூர் நாட்டில் 1610ஆம் ஆண்டு இராஜ உடையார் சீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய தசரா விழாவிலும் படைக்கலப் பூசைக்குத் தனியிடம் உண்டு. ஹெப்பாளில் நம் இல்லத்துப் பெண்டிர் புளியும் சாம்பலும் கொண்டு குத்துவிளக்கைத் துலக்கும் அதே ஆயுத பூசை நாட்களில், அரண்மனை வாள்கள் கோடி சோமேசுவரர் கோயிலுக்கு எடுத்துச் செல்லப்பெற்று, தூய்மை செய்யப்பெற்று மீளும்.

துப்பாக்கியையே வீட்டில் வைத்து வழிபடும் மக்களைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அண்டை நாடாகிய குடகில் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் வரும் கயில்போது விழாவில் துப்பாக்கியைத் துடைத்துப் பூசையில் வைத்து, அதன் குழல் வாயில் 'தோக்குப் பூ'வைச் செருகுவர். அப்பூ வேறன்று, சங்கப் புலவர் குறிஞ்சி நிலத்திற்கு உரிமையாக்கிய செங்காந்தளே. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. குடகர்க்குத் துப்பாக்கிச் சட்டத்திலிருந்து விலக்களிக்கும் வழக்கம் 1861இல் தொடங்கி, விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்து வருகின்றது.

இத்தூய்மை வெறும் அழகுக்கு அன்று. எரிந்த கருமருந்தின் உப்புப் படிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலை அரித்துவிடும். ஆதலின் அக்காலச் சிப்பாய்கள் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணியால் ஈரம் போக்கி, எண்ணெய் தடவி வைத்தனர். விளக்குக்கு நன்மை செய்யும் புளி இரும்புக்குத் தீமையே செய்யும். துப்பாக்கி இரும்பின் மேலுள்ள கருநீல நிறமும் செய்தவர் முத்திரையும் செங்கற்பொடித் தேய்ப்பில் மறைந்தால் மீண்டும் வாரா. பாட்டனார் விட்டுச்சென்ற பொருளின் வரலாற்றை ஒரு பிற்பகலில் தேய்த்து அழித்துவிட்டுப் பளபளப்பைக் கண்டு மகிழ்வோரை என்னென்பது!

பித்தளைத் தோட்டாவின் வரலாறு இன்னும் சுவையானது. 1857இல் கலகத்துக்குக் காரணமாகிய தோட்டா காகிதத்தாலானது. பித்தளைக் கூடு அதன் பின்னரே வந்தது. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த அக்கூடுகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினரின் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தபோது, மழைக்காலத்தில் எவரும் தொடாமலே வெடிப்புற்றன. பருவமழையோடு வந்தமையால் 'பருவ வெடிப்பு' என்றே பெயரிட்டனர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, இழுத்து வார்ப்பதால் பித்தளைக்குள் தங்கிய இறுக்கத்தோடு சேர்ந்து இவ்வெடிப்பை விளைக்கின்றது என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921இல் விளக்கினர். இளஞ்சூட்டில் பதப்படுத்தி அவ்விறுக்கத்தைத் தளர்த்துவதே மாற்று ஆயிற்று.

இச்செய்தி நம் வீட்டுக்கும் உரியது. படையிற் பணியாற்றி ஓய்வுபெற்றோர் இல்லங்களில் வெற்றுத் தோட்டாக் கூடு மேசையில் பூச்சாடியாக நிற்பதுண்டு. கடையில் விற்கும் பித்தளை மெருகு நீர்களுட் பல அம்மோனியா கலந்தவை. அவற்றைத் தவிர்த்து, நீர்த்த புளிக்கரைசலால் விரைவில் துடைத்து, நன்னீரில் அலசி, உடனே ஈரம் போக்குதல் நலம். நெடுநேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து, கூடு செம்பின் சிவப்பு நிறம் காட்டும். செம்பிற் களிம்பைச் சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை கூறுவர். ஆயினும் பழம்பொருளின் மேற்படிந்த மெல்லிய கருமை அதற்குக் காப்பாகவே அமைகின்றது.

மருந்து நிறைந்த தோட்டா எங்கேனும் பரணில் கிடைப்பின் அதனைத் தேய்த்தலோ சூடாக்குதலோ கூடாது. காவல் நிலையத்தார்க்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.