பிள்ளைகளே வாத்தியாரான வீடுகள்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் வழியில் இருக்கிறது திருப்பாலைவனம். அந்த வழி சென்றடையும் பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு, ஐரோப்பியரில் முதலில் போர்த்துகீசியர் வந்தார்கள். பின்னால் வந்த டச்சுக்காரர்கள் 1613இல் கெல்திரியா கோட்டையை எழுப்பினார்கள். இருவரோடும் கிறிஸ்தவமும் வந்தது. ஆனால் மீனவர் வீட்டுக்குள் வேதபாடம் நுழைந்த விதத்துக்குத் தெளிவான சாட்சி தெற்கே, முத்துக்குளித்துறையில் இருக்கிறது.

1542இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம் பண்ணி, கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். படித்ததைத் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அந்தப் பிள்ளைகளிடமே விட்டார். 1544இல் எழுதிய கடிதத்தில் அவரே இதைக் குறிப்பிடுகிறார். அந்தக் கரை மீனவரான பரதவர் வீடுகளில் பிள்ளைதான் வாத்தியார்! குழந்தைகள்மேல் அவர் வைத்த நம்பிக்கை வியக்க வைக்கிறது.

பிறகு வேதபாடம் அச்சிலும் வந்தது: 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் வேதபாட நூல் அச்சானது. பதினாறே பக்கம்.

தரங்கம்பாடியில் கற்பிக்கும் திசை மாறியது. 1706இல் அங்கே வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிப்பதற்காகவும் 1529இல் லூத்தர் எழுதிய நூல் அது.

வீட்டுக்குள் இப்படிக் கைமாறும் பாடம் மறந்துபோகாதிருக்க, பழவேற்காட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், பெரியவர்கள் சிறுவயதில் கற்ற ஜெபங்களையும் பாட்டுகளையும் பேரப்பிள்ளைகள் இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.