வாரம் பெர்சி

வாரம் பெர்சி இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில், யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் என்னும் சுண்ணப்பாறைக் குன்றுகளிடையே உள்ள பாழூர். பழைய திருச்சபைப் பங்கு ஒன்றின் தலைமை ஊர். வாரம் பெர்சி, திக்ஸென்டேல், ரெய்ஸ்தார்ப், பர்டேல், டௌதார்ப் ஆகிய ஐந்து உட்கிராமங்கள் இப்பங்கில் அடங்கின. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயல்கள் இருந்தன. தலைமை ஊரிலுள்ள புனித மார்ட்டின் ஆலயமே ஐந்துக்கும் தாய்க்கோயில். இவற்றுள் இன்றும் ஊராக இருப்பது திக்ஸென்டேல் ஒன்றே.

1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேட்டில் வாரம் இடம்பெறுகிறது. 12ஆம் நூற்றாண்டு முதல் நிலவுடைமையாளராக இருந்த பெர்சி குடும்பத்தின் பெயர் ஊரோடு ஒட்டிக்கொண்டது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலம் ஹில்டன் குடும்பத்தின் கைக்கு மாறியது.

ஊர் அழிந்ததற்கு 1348–49இன் கொள்ளை நோயே காரணம் என்று பலரும் எழுதிவிடுகின்றனர். இது பொருந்தாது. நோய் ஓய்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1368இல், இங்கு சுமார் 30 வீடுகளில் குடியிருப்பு இருந்தது. 1458இல் அது 16 ஆகக் குறைந்தது. கம்பளிக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. 1500ஐ ஒட்டி, எஞ்சியிருந்த நான்கு குடும்பங்களையும் ஹில்டன் பிரபு வெளியேற்றி, வீடுகளை இடித்து, உழவு நிலத்தை ஆட்டு மேய்ச்சலுக்கு விட்டார். ஊரைக் கொன்றது ஆட்டு மந்தையே.

லீட்ஸ் பல்கலைக்கழகப் பொருளாதார வரலாற்றறிஞர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு 1950இல் இங்கு அகழாய்வைத் தொடங்கினார். 1952இல் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் இணைந்தார். சுவரைத் தேடிக் குழி பறிக்கும் பழைய வழக்கத்தை விட்டு, வீடும் முற்றமுமாக அகலத் திறந்து தோண்டினார்கள். 1990 வரை ஆண்டுதோறும் கோடையில் நடந்த இப்பணியால், அரசர்களின் வரலாற்றில் இடம்பெறாத குடியானவர் வாழ்க்கை துலங்கியது.

ஆலய வளாகத்தில் கிடைத்த சுமார் 700 எலும்புக்கூடுகள் இதற்குப் பெருந்துணை. குழந்தைகள் ஏறத்தாழ ஒன்றரை வயதுவரை தாய்ப்பால் குடித்தனர் என்பதை எலும்பிலுள்ள நைட்ரஜன் காட்டிக்கொடுத்தது. ஊருக்குள் ஒரு குழியில் கிடைத்த, குறைந்தது பத்துப் பேரின் எலும்புகளில் வெட்டுத் தடங்களும் எரிந்த தடங்களும் இருந்தன. 2017இல் வெளியான ஆய்வின்படி, இறந்தவர் எழுந்து வந்து தீங்கு செய்வார் என்ற அச்சத்தால் பிணங்கள் சிதைக்கப்பட்டிருக்கலாம்.

ஆலயமும் மக்கள்தொகையின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் சான்றே. ஆட்கள் பெருகியபோது இருபுறமும் பக்கக்கூடங்கள் எழுந்தன. குறைந்தபின் அவை இடிக்கப்பட்டு, இடையிலிருந்த வளைவுகள் கல்லால் அடைக்கப்பட்டன. அடைத்த வளைவின் விளிம்பைச் சுவரில் இன்றும் கண்ணால் பின்தொடரலாம். ஊர் போனபின்பும் மற்ற உட்கிராமத்தார் பள்ளத்தாக்குகளைக் கடந்து நடந்து வந்து வழிபட்டனர். சர் டாட்டன் சைக்ஸ் பொருளுதவியில், ஜி. ஈ. ஸ்ட்ரீட் வடிவமைப்பில், 1870இல் திக்ஸென்டேலுக்கே தனி ஆலயம் அமைந்ததும் அந்த வரத்து குன்றியது. கடைசி வழிபாடு 1949இல் நடந்தது. 1959 இறுதியில் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது.

ரெய்ஸ்தார்ப், பர்டேல், டௌதார்ப் ஆகியவையும் பாழூர்களே. வாரம் பெர்சி இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பராமரிப்பில் உள்ளது, கட்டணமின்றிப் பார்க்கலாம்.